தப்புற வழி பையிலதான் இருந்திச்சு: நெட்ஹேக் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல நெட்ஹேக்கைக் கடைசியா வெண்டுட்டன் எண்டு ரெண்டே ரெண்டு வரி எழுதினன், அதுக்கு வந்த கடிதமும் மெசேஜும் அவ்வளவு, அதனால இந்த முறை வேற கேம் எதுவும் இல்ல, முழுப் பக்கமும் இதுக்குத்தான்.

கேள்வி: நெட்ஹேக் எண்டா என்ன? யூடியூப்ல பாத்தா கறுப்புத் திரையில எழுத்தும் புள்ளியும் மட்டும்தான் தெரியுது, இதைப் போய் ஏன் இத்தனை வருஷமா விளையாடுறீங்க? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: அந்த எழுத்துதான் கேம். ஈமெயில் அட்ரஸ்ல வாற அட் குறி நீங்க, சின்ன டீ எழுத்து நாய், பெரிய டீ ட்ராகன், புள்ளி எல்லாம் தரை. 1980ல கலிஃபோர்னியாவுல கெம்பஸ் பெடியன்கள் ரெண்டு பேர், மைக்கேல் டோயும் கிளென் விச்மனும், ரோக் எண்டு ஒரு கேம் செஞ்சாங்க, அதின்ட வழியில வந்த கேமுக்கெல்லாம் ரோக்லைக் எண்டு பேர் வந்திச்சு. நெட்ஹேக் 1987ல வந்தது. ஒவ்வொரு முறையும் நிலவறை புதுசா உருவாகும், போன தரம் பாத்த மெப் இந்தத் தரம் உதவாது, செத்தா செத்ததுதான், பழைய சேவுக்குத் திரும்பிப் போற கதையே இல்ல. வேலை என்னெண்டா கிட்டத்தட்ட 50 மாடி கீழ இறங்கி யெண்டோர் தாயத்தை எடுக்கணும், எடுத்துக்கொண்டு அவ்வளவும் திரும்ப ஏறணும், அதுக்கும் மேல போய் உங்கட கடவுளுக்கு அதைப் படைக்கணும்.

ஏன் விளையாடுறன் எண்டா, இதுல உங்களுக்குத் தோணுற எதையும் செஞ்சு பாக்கலாம், கேம் அதுக்கு ஒரு பதில் வச்சிருக்கும். கொக்கட்ரைஸ் எண்டு ஒரு பிராணி, வெறுங்கையால தொட்டா நீங்க கல்லாயிருவீங்க, ஆனா கையுறை போட்டுக்கொண்டு செத்த கொக்கட்ரைஸைத் தூக்கி எதிரிக்கு அடிச்சா அவன் கல்லு, சரி இது நல்ல ஐடியா எண்டு அதைக் கையில பிடிச்சபடி நடக்கேக்க ஒரு குழிக்குள்ள விழுந்தா அதுக்கு மேலயே விழுந்து நீங்க கல்லு. இதையெல்லாம் யாரோ இருந்து யோசிச்சு எழுதி வச்சிருக்கிறாங்க, சம்பளம் ஒண்டும் இல்லாம. எனக்கு இண்டைக்கும் அது பெரிய விஷயம்.

கேள்வி: இவ்வளவு காலம் தோத்துக்கொண்டே இருந்திட்டு இப்ப எப்பிடி வெண்டீங்க அண்ணா? என்ன மாறிச்சு? நான் பத்தாவது மாடியைத் தாண்டினதே இல்ல. (கெம்பஸ் மாணவி, பம்பலப்பிட்டி)

பதில்: தங்கச்சி, செத்தவுடனே நெட்ஹேக் ஒரு கேள்வி கேக்கும், கவனிச்சிருப்பீங்க, உங்கட சாமான் எல்லாம் என்னெண்டு காட்டவா எண்டு. ஓம் எண்டா முழு லிஸ்டும் வரும், அதுவரைக்கும் என்னெண்டு தெரியாம தூக்கித் திரிஞ்ச சுருள், மந்திரக்கோல் எல்லாத்துக்கும் அப்பதான் பேர் போட்டுக் காட்டும். அந்த லிஸ்டை அவசரமா மூடிட்டு அடுத்த கேம் தொடங்காதீங்க, ஒரு கொப்பியில எழுதி வைங்க. நானும் என்ட கூட்டாளிமாரும் அப்பிடி எழுதி வச்சதைப் பாத்தா பெரும்பாலான சாவுல தப்புற வழி பையிலதான் இருந்திச்சு. தோண்டுற கோல் இருக்கும், அதைக் கீழ்ப்பக்கமாப் பிரயோகிச்சா தரையில ஓட்டை விழுந்து அடுத்த மாடிக்கு விழுந்து தப்பலாம். டெலிபோர்ட் சுருள் இருக்கும். ஒண்டும் இல்லையெண்டா கூட விரலால தரையில எல்பெரெத் எண்டு எழுதலாம், மனுசரையும் மினோட்டாரையும் தவிர அனேகமா எல்லாம் பயந்து விலகும், ஆனா அதுல நிண்டுகொண்டு வாளால வெட்டினா எழுத்து அழிஞ்சிரும். அதுவும் இல்லையா, கும்பிடலாம். உயிர் ஏழில ஒரு பங்குக்குக் கீழ போயிருந்தா கடவுள் முழுசா சுகமாக்கி விடுவார், தொடக்கத்துல ஒரு 300 டேர்ன் (டேர்ன் எண்டா கிட்டத்தட்ட ஒரு அசைவு) போகட்டும், பிறகு ஒரு தரம் கும்பிட்டா அடுத்ததுக்கு ஒரு 1000 டேர்ன் விடுங்க, அனேகமா பயமில்ல.

முக்கியமா, இதுல நேரம் ஓடாது. நீங்க கீயைத் தட்டுற வரைக்கும் எந்தப் பேயும் ஒரு அடி வைக்காது, ஒரு கிழமை கழிச்சு வந்து தட்டினாலும் அது அதே இடத்துலதான் நிக்கும். அப்பிடி இருந்தும் படபடவெண்டு தட்டித்தான் எல்லாரும் சாகிறம். அதனால நான் ஒரு சட்டம் வச்சன், உயிர் பாதியானா ரெண்டு கையையும் கீபோர்ட்ல இருந்து எடுக்கிறது, பையைத் திறந்து மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு சாமானா வாசிக்கிறது, வாசிச்சு முடியும் வரைக்கும் ஒரு அடி கூட வைக்கிறதில்ல. சண்டையில நான் கெட்டிக்காரனாகினது எண்டு ஒண்டும் இல்ல, இந்தச் சட்டத்தை ஒரு தரமும் உடைக்காத கேம்தான் வெண்ட கேம்.

கேள்வி: வெண்ட கேம்ல எந்த ஆள், என்ன வழி, கடைசியில என்ன நடந்திச்சு, முழுசா சொல்லுங்க. (வாசகர், தெஹிவளை)

பதில்: 3.6 வேர்ஷன், குள்ளர் இனத்து வால்கிரி, அதாவது ஒரு போர்வீராங்கனை. வாள் அவளுக்குத் தொடக்கத்துலயே இருக்கும், அவள்ட அனுபவம் அஞ்சாவது லெவலுக்கு வந்த பிறகு அந்த நீட்டு வாளைத் தண்ணி ஊற்றுல தோய்ச்சுக்கொண்டே இருந்தா எக்ஸ்கலிபரா மாறும், தோய்க்கிற ஒவ்வொரு தரமும் ஆறில ஒரு வாய்ப்பு. சொகோபான் மாடிகள்ல பாறாங்கல் தள்ளி முடிச்சன், அது சரியான பொறுமை வேலை. கோட்டையில விருப்பம் கேக்கிற மந்திரக்கோல் இருக்குது, அது எல்லாக் கேம்லயும் நிச்சயமா இருக்கும், அதை எடுத்தவுடனே எல்லாரும் வாள் கேக்கத்தான் பாப்பாங்க, நான் கேட்டது மந்திரத்தைத் தடுக்கிற சாம்பல் ட்ராகன் கவசம். ஒரே அடியில கொல்லுற விஷயங்களைத் தடுக்கிறதுதான் முதல் வேலை எண்டு என்ட அபிப்பிராயம்.

பிறகு தாயத்து இருக்கிற இடத்துக்கு வழி திறக்க மணி, ஏழு மெழுகுதிரி ஏத்துற விளக்கு, இறந்தவர் புத்தகம், மூண்டையும் மூண்டு இடத்துல சேக்கணும். புத்தகத்தை வச்சிருக்கிற யெண்டோர் மந்திரவாதி செத்தாலும் திரும்ப வருவான், திரும்பத் திரும்ப வருவான், வந்து சாமானைக் களவெடுப்பான். தாயத்தோட மேல ஏறேக்க ஏதோ ஒரு சக்தி பிடிச்சு இழுத்துத் திரும்பக் கீழ விடும், அந்தப் பகுதிதான் மனசை உடைக்கிற இடம், ஏறின மாடியையே திரும்ப ஏறணும். அதுக்குப் பிறகு மண், காத்து, நெருப்பு, தண்ணி எண்டு நாலு உலகம். கடைசி உலகத்துல மூண்டு கோயில், மூண்டு பீடம், எது உங்கட கடவுளின்டது எண்டு கிட்டப் போனாத்தான் தெரியும், பிழையான பீடத்துல வச்சா அவ்வளவு வருஷமும் வீண். சாவு, பஞ்சம், கொள்ளைநோய் எண்டு மூண்டு குதிரை வீரன்கள் அங்க நிப்பாங்க, அவங்களும் செத்தாலும் திரும்ப எழும்புவாங்க, அதனால சண்டை பிடிக்க நிக்கப்படாது. நான் முதல் போன கோயில் வேற கடவுளின்டது, அங்க இருந்து அடுத்ததுக்கு நடக்கேக்க உயிர் பாதிக்கு வந்திச்சு, கையை எடுத்தன், பையை வாசிச்சன், சுகமாக்கிற மருந்து ஒரு போத்தல் அடியில கிடந்திச்சு, குடிச்சன், நடந்தன். ரெண்டாவது கோயில் என்ட. படைக்கிற கீயைத் தட்ட முன்னம் எங்கட வீட்டுல எல்லாரையும் எழுப்பிக் கூப்பிட்டன், ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்ல, ஆனா எல்லாரும் வந்து பின்னால நிண்டு பாத்தாங்க, நான் அழுதன்.

கேள்வி: போயா நாள்ல நெட்ஹேக் லேசு எண்டு ஒருத்தர் சொன்னார், பகிடியா? (வாசகர், வத்தளை)

பதில்: பகிடியே இல்ல. கேம் கம்பியூட்டர்ட திகதியைப் பாத்து நிலாவைக் கணக்குப் போடும், பௌர்ணமியை ஒட்டித் தொடங்கினா இண்டைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம் எண்டு ஒரு வரி வரும், அதிர்ஷ்டம் ஒண்டு கூடும், நீங்க அடிக்கிற அடி எதிரியில படுற வாய்ப்பும் அதோட கொஞ்சம் கூடும். எங்களுக்கு மாசா மாசம் போயா லீவு, உலகத்துல வேற எத்தனை பேருக்கு இந்த வசதி. ஆனா 13ம் திகதி வெள்ளிக்கிழமையில வந்தா கவனம், அண்டைக்கு அதிர்ஷ்டம் குறையும், வேற வழியில அதை ஏத்தாட்டி கும்பிட்டா உதவி வராது, கோபம்தான் வரும்.

கேள்வி: 2022ல கரண்ட் வெட்டு நேரம் பழைய லெப்டொப் நிண்டு போய் என்ட நல்ல கேம் ஒண்டு போச்சு, இதுக்கு ஒரு வழியும் இல்லையா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அந்த மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வழி இருக்குது. மாடி மாறேக்க எல்லாம் கேம் அதுவரைக்கும் நடந்ததை ஃபைலா எழுதி வைக்கும், ரிகவர் எண்டு ஒரு சின்ன ப்ரோக்ராம் கூடவே வரும், அதை ஓட்டினா கடைசியா மாடி மாறின இடத்துல இருந்து தொடரலாம். இது செத்த ஆளை எழுப்பாது, நிண்டு போன கேமைத்தான் எழுப்பும்.

கேள்வி: மகன் ஓ எல் எழுதப் போறான், இந்த எழுத்துக் கேமைப் பாத்துக்கொண்டே இருக்கிறான், விடலாமா? (ஒரு அம்மா, மட்டக்குளி)

பதில்: அக்கா, இதுல விளம்பரம் இல்ல, காசு கட்டி வாங்கிற சாமான் இல்ல, நடுராத்திரி ஒன்லைன்ல கூட்டாளி காத்துக்கொண்டு நிக்கிற பிரச்சினையும் இல்ல. பெரிய எஸ் எழுத்தைத் தட்டினா அந்த நிமிஷமே சேவ் ஆகி மூடும், அதனால சாப்பிடக் கூப்பிட்டா சண்டை முடியட்டும் எண்டு அவன் சொல்லக் காரணமே இல்ல, கூப்பிடுங்க. ஆனா ஒரு முழுக் கேம் முடிய எத்தனையோ மணித்தியாலம் போகும், சோதனை முடியும் வரைக்கும் நாளைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல விட வேணாம். இதை அவனுக்கு நான் சொன்னதா வாசிச்சுக் காட்டுங்க.

கேள்வி: விக்கி பாத்து விளையாடினா அது கள்ள விளையாட்டா? ஏஐ கிட்ட குடுத்தா வெண்டிருமா? (வாசகர், மொரட்டுவை)

பதில்: விக்கி பாக்கிறது கள்ளம் இல்ல, கேமுக்குள்ளயே காசு வாங்கிக்கொண்டு ரகசியம் சொல்லுற குறிசொல்லி இருக்கிறா. சேவ் ஃபைலை கொப்பி பண்ணி வச்சிட்டு செத்தவுடனே திரும்பப் போடுறதுதான் கள்ளம், அப்பிடி வெண்டா அது வெண்டதாக் கணக்கில்ல, என்னட்ட மட்டுமில்ல, இதை விளையாடுற எவரிட்டயும். ஏஐ விஷயம், 2021ல நெட்ஹேக் சேலஞ் எண்டு பெரிய போட்டியே வச்சாங்க, ஒரு ப்ரோக்ராமும் கேமை முடிக்கேல்ல, அதுலயும் மெஷின் லேர்னிங்ல பழகினதுகளை விட மனுசர் விதி விதியா எழுதிக் குடுத்த ப்ரோக்ராம்தான் முன்னுக்கு வந்திச்சு.

கேள்வி: எனக்குக் கண் பார்வை இல்ல, ஸ்க்ரீன் ரீடர் பாவிக்கிறன், எனக்கு ஏலுமா? (வாசகர், கொழும்பு 13)

பதில்: கட்டாயம் ஏலும். கேமோட வாற கைட்புக்ல பார்வையில்லாதவங்களுக்கு செட்டிங் எப்பிடிப் போடுறது எண்டு தனிப் பகுதியே இருக்குது, அதுல இருந்து தொடங்குங்க. கேம் இலவசம், நெட்ஹேக் டொட் ஓஆர்ஜி எண்ட அவங்கட சொந்த இடத்துல இருந்தே இறக்குங்க, வால்கிரியைத் தெரிவு செய்யுங்க, முதல் சாவு வந்தவுடனே சாமான் லிஸ்டைக் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்க, தப்ப வழி எதுவா இருந்திச்சு எண்டு அடுத்த மாசம் இந்தப் பக்கத்துல சேந்து பாப்பம்.