சொல்லை உடைக்காதீர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,
ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு வருடம். நோர்வேஜிய வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். கூட்டுச்சொற்களை வரி முடிவில் எங்கே பிரிப்பது? அழுத்தம் எங்கே விழும்? ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் விளங்கும் என்று ஒருவர் சொல்லித் தந்தார். அப்படியே பழகிவிட்டேன்.
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பிரிப்பது லேசு. இரண்டு சொல்லும் சேர்ந்த இடத்தில் வெட்டுங்கள். நடுவில் ஒட்டும் ‘ஸ்’ முன்சொல்லோடு நிற்கும்: ஆர்பைட்ஸ்-டாக், வேலைநாள். ‘நட்’ (natt) இரவு, ‘டோக்’ (tog) ரயில். சேர்த்தால் மூன்று t வரவேண்டும், இரண்டுதான் எழுதுவார்கள்: nattog, இரவு ரயில். வரி முடிவில் வெட்டினால் மூன்றாவது t திரும்பி வந்துவிடும்: natt-tog. நம் புணர்ச்சி விதிகளோடு வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது!

ஆனால் அந்த நிறுத்தி நிறுத்திச் சொல்லும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். எனக்குக் கோபமே வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் (‘ஃபிஸ்கெஃபாப்ரிக்’) எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் பஸ்காரரிடம் ‘ஃபிஸ்கெ’ என்று நிறுத்தி, பிறகு ‘ஃபாப்ரிக்’ என்றேன். ‘ஃபிஸ்கெ’ தனியாக நின்றால் மீன் பிடிப்பது. அவர் தூண்டில்காரர்கள் நிற்கும் படகுத்துறையில் இறக்கிவிட்டார். டிசம்பர் மாதம், நண்பகலிலும் இருட்டு. பனியில் நடந்து போய்ச் சேர்ந்தேன்.

அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா விஷயத்தைக் கேட்டு, கையுறையைக் கழற்றி மேசையில் தட்டிக் காட்டினார். ‘ஃபிஸ்’ஸுக்குப் பலமாக ஒரு தட்டு. ‘ப்ரிக்’குக்கு மெல்ல ஒன்று. மற்ற அசைகளுக்கு விரலே படவில்லை. ‘ஃபாப்ரிக்’ தனியாக நின்றால் பலமான தட்டு ‘ப்ரிக்’குக்குத்தான். கூட்டில் சேர்ந்ததும் அது தம்பியாகி, முன்சொல் அண்ணனாகிவிடுகிறது.

‘ஸ்டூர் பீ’ என்று இரண்டையும் அழுத்தினால் பெரிய ஊர். ‘ஸ்டூர்பீ’ என்று முதலில் அழுத்தினால் மாநகரம். ‘ரோய்க்ஃப்ரிட்’ புகைக்கக் கூடாத இடம். உடைத்தால் ‘தாராளமாகப் புகை’ என்றாகிவிடும். ‘லம்மெலோர்’ ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. உடைத்தால் முடங்கிப்போன தொடைகள். நோர்வேக்காரர்களே கடைப் பலகையில் இப்படிப் பிரித்து எழுதிவிட்டுத் திட்டு வாங்குகிறார்கள். நீங்கள் வாயால் அதைச் செய்ய வேண்டுமா?

கிறிஸ்தியான்சான் போல் கடைசியில் அழுத்தும் ஊர்ப்பெயர்கள் உண்டு, அவற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகலாம். தொனி ஒன்று, தொனி இரண்டு என்று சொல்லும் குரல் ஏற்ற இறக்க வேறுபாடுகளை இப்போது தொடாதீர்கள்.

தினமும் பத்துச் சொல் எடுத்து, மேசையில் தட்டித் தட்டிச் சொல்லுங்கள். தேர்வுக்கு முன் குரலைப் பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள், கேட்கிறேன்.