ஜூடோ பழகும் மகனைச் சீன மல்யுத்தத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். 14 வயது மகன் நான்கு ஆண்டுகளாக ஜூடோ பழகுகிறான். இப்போது பள்ளித் தோழன் ஒருவனைப் பார்த்து, 'ஷுவாய் ஜியாவ்' என்ற சீன மல்யுத்தத்துக்கு மாறப்போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். என் தம்பியோ, "இரண்டும் வேண்டாம், பிரேசில் ஜூஜுட்சுதான் தெருவில் உதவும்" என்கிறான். நான்கு வருடப் பயிற்சி வீணாகிவிடுமா? அடிபடும் அபாயம் கூடுதலா?

பதில்: மாற்ற வேண்டாம், சேர்த்துக்கொள்ளட்டும். ஜூடோ நடக்கிறபடி நடக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அங்கே போய்வரட்டும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மகனிடம் பேசும்போது உங்களுக்குக் கைகொடுக்கும்.

பிடித்து வீழ்த்தும் கலைகளை ஒப்பிட ஒரு கேள்வி போதும்: விழுந்தவுடன் என்ன ஆகிறது? ஜூடோவில் எதிராளியை வேகமும் வலிமையும் கட்டுப்பாடும் சேர முதுகு படும்படி வீழ்த்தினால் 'இப்போன்', ஆட்டம் முடிந்தது. வயிறு பட விழுந்தால் புள்ளியே இல்லை. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலிக்குச் சொல்வதை ஜூடோ நடுவர் சட்டமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இரண்டு தோள்களையும் மெத்தையில் அழுத்திப் பதித்தால் வெற்றி. பிரேசில் ஜூஜுட்சுவில் விழுந்த பிறகுதான் ஆட்டமே சூடுபிடிக்கிறது.

ஷுவாய் ஜியாவில் மீசைவரை போகவே வேண்டியதில்லை. பாதம் தவிர எது தரையைத் தொட்டாலும், கை ஊன்றினாலும், முழங்கால் பட்டாலும், அந்தப் பிடி முடிந்தது. நடுவர் இருவரையும் எழுப்பி மறுபடி நிறுத்துவார். எறிந்தவன் தன் காலில் நின்றால் கிடைக்கிற புள்ளி, அவனும் சேர்ந்து சாய்ந்தால் குறைந்துவிடும். கழுத்து நெரிப்பு, மூட்டு முறுக்கு, தரைப்பிடி எதுவும் போட்டியில் கிடையாது.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், மகனுக்குப் பிடித்த எறி எது என்று கேளுங்கள். அந்த வயதுப் பையன்கள் பலருக்கும் செல்லமானது, சட்டென்று இரண்டு முழங்காலிலும் இறங்கி எதிராளியைத் தோளுக்கு மேலாக உருட்டிவிடும் 'செயோ நாகே'. ஜூடோவில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். சீன மல்யுத்தத்தில், எதிராளி இன்னும் காற்றில் மிதக்கும்போதே இவன் முழங்கால் தரையைத் தொட்டிருக்கும், இவன் தோற்றவன். நானும் ஜூடோவிலிருந்து அங்கே போனவன்தான். முதல் மாதம் முழுக்க, நன்றாக எறிந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஆசிரியர் எதிராளியின் பக்கம் கைநீட்டிக்கொண்டிருப்பார். கோபம் வந்தது. பிறகுதான், நான் எத்தனை எறிகளில் என் உடல் பாரத்தையே கீழே போட்டுக் காரியம் சாதித்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

அடுத்தது சட்டை. 'தாலியென்' என்று பெயர். பருத்தித் துணியைப் பல அடுக்காக வைத்து நெருக்கித் தைத்தது. கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடும், நெஞ்சு திறந்திருக்கும், இடுப்பில் பட்டை இறுகக் கட்டியிருக்கும். ஜூடோ சட்டை தொளதொளவென்று மணிக்கட்டுவரை வரும். அதன் கைநுனியைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றே வேடிக்கை காட்டலாம். தாலியெனில் கைநுனி என்பதே மேற்கைதான். அதைப் பிடித்தால் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். உடம்போடு ஒட்டிய துணி என்பதால் இழுத்தால் துணி மட்டும் வராது, ஆளே வருவான். ஆகவே இழுபறிக்கு நேரமில்லை, பிடி கிடைத்த நொடியில் எறி. ஹெபெய் மாகாணத்துப் பாவோதிங் நகரின் மரபு இந்த வேகத்துக்கே பேர்போனது. 1933இல் நான்ஜிங்கில் நடந்த தேசியப் போட்டியில் வென்று, பின்னாளில் தைவானில் போலீஸ் கல்லூரியில் கற்பித்த சாங் துங்-ஷெங் அந்த ஊர்க்காரர்தான்.

மகனுக்குக் கதை பிடிக்கும் என்றால் இதையும் சொல்லுங்கள். 1669இல், சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்துச் சிறுவன் காங்ஷி பேரரசர் தன்னை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த ஓபோய் என்ற அதிகாரியைப் பிடிக்கப் படையைக் கூப்பிடவில்லை. தன்னோடு மல்யுத்தம் பழகிய பையன்களை ஏவி மடக்கினார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. அரண்மனைக்கென்றே ஒரு மல்லர் படை பின்னர் இருந்தது. மஞ்சு ஆட்சி கவிழ்ந்தபின் சம்பளம் போன அந்த மல்லர்கள், பெய்ஜிங்கின் தியென்சியாவ் திடலில் மல்யுத்தம் காட்டிக் காசு வாங்கிப் பிழைத்தார்கள். இன்று வகுப்பில் கற்பிப்பது பெரும்பாலும் அவர்கள் வழி வந்ததே.

நான்கு வருடம் வீணாகாது. சமநிலையைக் குலைக்கத் தெரிந்த உடம்பு சட்டம் மாறினாலும் மறக்காது. சுமோ வீரர் ஹகுஹோவின் தந்தை ஜிக்ஜிதின் முன்க்பாத், மங்கோலிய மரபு மல்யுத்தத்தில் உச்ச பட்டம் பெற்றவர். அவரே 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் வெள்ளி வாங்கினார். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஷுவாய் ஜியாவில் எதிராளியின் காலைக் கையால் பிடித்துத் தூக்குவது சர்வ சாதாரணம். சர்வதேச ஜூடோவில் அது 2010இல் கட்டுப்படுத்தப்பட்டு, 2013இல் முழுவதும் தடைசெய்யப்பட்டது. சீன வகுப்பில் பழகிய கை ஜூடோப் போட்டியில் தன்னையறியாமல் காலுக்குப் போகும், தண்டனை நிச்சயம். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் சீன வகுப்பை நிறுத்திவைப்பதே நல்லது. ஜூடோ ஒலிம்பிக்கில் இருக்கிறது, ஷுவாய் ஜியாவ் இல்லை என்பதையும் பதக்கக் கனவுள்ள பையனிடம் மறைக்க வேண்டாம்.

அடிபடுவதைப் பற்றி. எறிந்தவன் மேலே வந்து விழமாட்டான், அது ஆறுதல். அதே காரணத்தால் விழுபவன் நின்றவனின் இடுப்பு உயரத்திலிருந்து தனியாக இறங்குகிறான். நான்கு வருடம் விழப் பழகிய உங்கள் மகனுக்கு இது பெரிய விஷயமில்லை. நேரே சேருகிற பையனுக்குத்தான் நான் பயப்படுவேன். கவனிக்க வேண்டியது முழங்கால். ஜூடோ வெறுங்காலில், இது காலணியோடு. காலணி மெத்தையில் பற்றிக்கொண்டிருக்கும்போது காலைக் கொக்கிபோட்டு இழுத்தால் பாதம் திரும்பாது, முழங்கால்தான் திரும்பும். பிடியிலிருந்து தப்ப முடியாது என்று தெரிந்தால் எதிர்க்காமல் விழுந்துவிடச் சொல்லுங்கள். சட்டை முரடு என்பதால் முதல் சில வாரம் விரல் தோலும் உரியும்.

தம்பி சொல்வதில் பாதி சரி. தரையில் மாட்டிக்கொண்டால் ஷுவாய் ஜியாவ் மட்டும் தெரிந்தவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அங்கே ஜூஜுட்சுக்காரன்தான் ராஜா. ஆனால் தெரு என்று அவர் சொல்லும் இடத்தில் மெத்தை கிடையாது, எதிராளியின் நண்பர்கள் சுற்றி நிற்பார்கள். அங்கே எதிராளி கீழே, நாம் நின்றபடி, வழி திறந்திருக்கிறது என்பதைவிட நல்ல நிலை எனக்குத் தெரியவில்லை. 14 வயதுப் பையனுக்கு ஓடுவதே சிறந்தது என்பது வேறு விஷயம்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பட்டையைச் சொடுக்குவது, பூட்டு வடிவக் கல்லை வீசிப் பிடிப்பது, தனியே காலசைவு பழகுவது எல்லாம் இந்தக் கலையின் உண்மையான பயிற்சிகள்தான். ஆனால் ஒன்றரை மணி நேரமும் அதுவே நடந்து, இருவர் சட்டையைப் பிடித்து முழு எதிர்ப்போடு மோதுவதைக் காணவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, சீன மொழியில் 'ஷுவாய் ஜியாவ்' என்ற சொல் ஒலிம்பிக் மல்யுத்தத்துக்கும் பொருந்தும். சட்டை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். தாலியென் உடனே வாங்க வேண்டாம், முதல் மாதம் இரவல் கேளுங்கள். மென்மையான அடிப்பாகமுள்ள காலணி மட்டும் சொந்தமாக இருக்கட்டும். ஜூடோ பயிற்சியாளருக்கு வேறு யாரோ சொல்லித் தெரியவருமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.