மூன்றாம் பாடவேளை

அன்புள்ள ஐயா,

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு அருகே குடும்பத்துடன் வசிக்கிறேன். என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. சென்ற வாரம் அவன் பெயருக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அனுமதியின்றி 13 நாட்கள் வகுப்புக்கு வரவில்லை என்று பள்ளி கணக்குக் கொடுத்திருக்கிறது. தினமும் நான்தான் அவனைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் எவரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. ஊரில் தெரிந்தால் என் தாயார் தாங்கமாட்டார். இது குற்றப் பதிவாகுமா, கல்லூரி அனுமதியைப் பாதிக்குமா, எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குத் தடையாகுமா என்று உறக்கமின்றித் தவிக்கிறேன். அவனைக் கேட்டால் 'சும்மாதான்' என்கிறான். மதுரையில் இருக்கும் என் அண்ணனிடம் அனுப்பி, கண்டிப்பான பள்ளி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் சேர்த்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பள்ளி அனுப்பிய வருகைப் பட்டியலை இணைத்துள்ளேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பள்ளிக்கு வராத பிள்ளைகளைச் சட்டத்தின் முன் நிறுத்துவதைப் பற்றிச் சில மாதங்களாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேளையில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

உங்களை உறங்கவிடாத கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். டெக்சாஸில் 2015 செப்டம்பர் 1 முதல் இது குற்றவியல் வழக்கு அல்ல, உரிமையியல் வழக்கு. 12 வயது நிரம்பி 19 வயதை எட்டாத ஒருவர், ஒரே கல்வியாண்டில் ஆறு மாத காலத்துக்குள் பத்து நாட்களோ நாளின் பகுதிகளோ அனுமதியின்றி வராமல் இருந்தால் இந்த வழக்கு வரும். தீர்ப்பு உங்கள் மகனுக்கு எதிராக வந்தாலும் அது குற்றத் தண்டனையாகக் கருதப்படாது என்று சட்டமே சொல்கிறது. ஒழுங்காக வகுப்புக்குச் செல், ஆலோசனைக்குச் செல், சமூகப் பணி செய் என்பன போன்ற ஆணைகளை நீதிபதி இடலாம். ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைக்கவும் அவரால் முடியும். ஆணைகளை மீறினால்தான் 100 டாலர் வரை அபராதம் வரும். கிரீன் கார்டு பற்றிக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல. ஊரில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

உங்கள் மகன் 2015க்கு முன் இந்த வயதில் இருந்திருந்தால் நிலைமை வேறு. அன்று டெக்சாஸில் பள்ளிக்கு வராமலிருப்பது குற்றம், அபராதம் 500 டாலர் வரை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் பிள்ளைகள் மீது போடப்பட்டன. 2012இல் ஹூஸ்டனுக்கு வடக்கே ஒரு 17 வயது மாணவியை நீதிபதி ஒருவர் 24 மணி நேரச் சிறைக்கு அனுப்பி 100 டாலர் அபராதமும் விதித்தார். நன்றாகப் படித்த பெண் அவள். பெற்றோர் பிரிந்துபோன நிலையில், உடன்பிறந்தவர்களுக்காக இரண்டு வேலைகள் பார்த்துக்கொண்டு, காலையில் எழ முடியாமல் வகுப்புகளைத் தவறவிட்டவள். செய்தி நாடெங்கும் பரவிப் பெரும் எதிர்ப்பு எழுந்த பிறகு அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. 2015இல் வந்த சட்டம், குடும்பத்தின் முதன்மை வருமானத்தை ஈட்டும் மாணவர் அதன் காரணமாக வராமல் போனால் பள்ளி அவரை நீதிமன்றத்துக்கு அனுப்பக்கூடாது என்கிறது. அந்தப் பெண்ணிடம் நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மூன்றாண்டுகள் கழித்துச் சட்டத்தின் ஒரு வரியாக வந்து சேர்ந்தது.

1852இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. 1918இல் மிசிசிப்பி அதைச் செய்தபோது அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் அது சட்டமாகியிருந்தது. ஆலையிலும் வயலிலும் உழைத்துக்கொண்டிருந்த குழந்தையை மீட்டு வகுப்பில் உட்கார வைத்த சட்டங்கள் அவை, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றை நடைமுறைப்படுத்தும் கருவியாக வருகைப் பதிவேடு வந்தபோதே, எண்ணிக்கை காரணத்தை விழுங்கத் தொடங்கிவிட்டது. பெரியவர் செய்தால் குற்றமாகாத செயலுக்காகப் பிள்ளைகளைப் பூட்டி வைக்கக்கூடாது என்று 1974இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொன்னது. 1980இல் அதற்கு ஒரு விலக்கு சேர்த்தார்கள்: நீதிபதி இட்ட ஆணையை மீறிய பிள்ளையைப் பூட்டலாம். வகுப்புக்குப் போகாததற்காகச் சிறை இல்லை, 'வகுப்புக்குப் போ' என்ற ஆணைக்குக் கீழ்ப்படியாததற்காகச் சிறை உண்டு. ஒரு குழந்தையின் கண்ணில் இவை இரண்டும் ஒன்றுதான்.

இப்போது நீங்கள் இணைத்த பட்டியலுக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பள்ளி அதைக் கூட்டி 13 என்றது. அழைப்பாணையிலும் 13. உங்கள் கடிதத்திலும் 13. நண்பரே, அதை நீங்கள் வாசித்தீர்களா? தேதிக்குப் பக்கத்தில் பாடவேளை எண் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தப் 13 நாட்களில் 11 நாட்கள் உங்கள் மகன் தவறவிட்டது மூன்றாம் பாடவேளையை மட்டும்தான். முதல் இரண்டு வகுப்புகளில் இருந்திருக்கிறான், நான்காவதற்குத் திரும்பி வந்திருக்கிறான். ஊர் சுற்றப் போகிறவன் நான்காம் பாடவேளைக்குத் திரும்பி வரமாட்டான். அந்த ஒரு வகுப்பில், அல்லது அதற்குச் செல்லும் வழியில், உங்கள் பிள்ளையால் தாங்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அது ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து இருக்கையில் அமரும் ஒருவனாக இருக்கலாம், உடை மாற்றும் அறையாகவும் இருக்கலாம். அது என்ன பாடம் என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. கிரீன் கார்டு இருக்கிறது, தாயார் இருக்கிறார், மதுரை அண்ணன் இருக்கிறார். மகனுக்கு ஒரே ஒரு சொல்தான், 'சும்மாதான்'. அதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

நானும் ஒரு பாடவேளையிலிருந்து ஓடியவன். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில உரைநடையை ஒவ்வொரு மாணவனும் எழுந்து நின்று ஒரு பத்தி உரக்கப் படிக்க வேண்டும். எனக்குத் திக்குவாய். 'ப' வரிசையில் தொடங்கும் சொல் வந்தால் உதடுகள் ஒட்டிக்கொள்ளும், வகுப்பு சிரிக்கும், ஆசிரியர் சிரிப்பு அடங்கக் காத்திருப்பதுபோல் நின்று அதை நீளவிடுவார். எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள், எனக்கு எந்தப் பத்தி வரும், அதில் அந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று முந்தைய வகுப்பிலேயே கணக்கிட்டு வியர்த்துக்கொண்டிருப்பேன். கணக்கு மோசமாக இருந்தால் பின்வாசல் வழியாக வெளியேறிவிடுவேன். கடைசியில் தலைமையாசிரியர் என் தந்தையை வரவழைத்தார், பதிவேட்டைப் புரட்டி நாட்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். என் தந்தை கைகட்டி நின்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் இடுப்பு வாரைக் கழற்றினார். எங்கே சுற்றினாய், யாரோடு சுற்றினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எதைக் கண்டு ஓடினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சொற்களை நான் திக்கித் திக்கித்தான் சொல்லியிருப்பேன், எனவே நானும் 'சும்மாதான்' என்றேன். அடுத்த பருவத்தில் அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் தாமே படித்து விளக்கினார். அதன்பின் நான் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. என் தந்தை தம் இறுதிக்காலம் வரை, அன்று கொடுத்த அடியில்தான் நான் திருந்தினேன் என்று உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அபராதமும் இப்படித்தான் புகழ் பெறுகிறது. பிள்ளை வகுப்புக்குத் திரும்பிவிட்டால் சட்டம் வென்றதாக எழுதிக்கொள்கிறார்கள். திரும்பாவிட்டால் தண்டனை போதவில்லை என்கிறார்கள். இரண்டு நிலையிலும் மூன்றாம் பாடவேளைக்குள் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல மறுப்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி, பிள்ளைகள் பள்ளியைத் தவிர்ப்பதன் நோக்கங்களை நான்காக வகுத்தார்: மனத்தை வருத்தும் ஒன்றிலிருந்து விலகுவது, பிறர் முன் மதிப்பிடப்படும் தருணங்களிலிருந்து தப்புவது, நெருங்கியவரின் கவனத்தைப் பெறுவது, பள்ளிக்கு வெளியே கிடைக்கும் இன்பத்தை நாடுவது. நீதிமன்றத்தின் மிரட்டல் கடைசி நோக்கத்தை வேண்டுமானால் சற்றுத் தடுக்கலாம். முதல் இரண்டில் சிக்கிய பிள்ளைக்கு அது அஞ்சி ஓடவேண்டிய இன்னொரு இடம், அவ்வளவே.

மதுரைக்கு அனுப்பும் யோசனையை இன்றே கைவிடுங்கள். 'கண்டிப்பான பள்ளி' என்று நீங்கள் எழுதியிருப்பதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும், அதில் படித்தவன் நான். ஓடும் பிள்ளைக்கு ஓட வழியில்லாத இடத்தைத் தேடிக் கொடுப்பதற்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்டாதீர்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். தந்தை தன்னை வெட்கத்தினால் அனுப்பிவிட்டார் என்பதை 15 வயதுப் பையன் புரிந்துகொள்ளாமல் இருப்பானா?

விசாரணைக்கு முன் செய்ய வேண்டியது இது. நீதிமன்றத்துக்கு அனுப்பும் முன் வராமையைத் தடுக்கத் தான் எடுத்த நடவடிக்கைகள் என்ன என்பதைப் பள்ளி எழுத்தில் காட்ட வேண்டும். அது இல்லாத மனுவை நீதிபதி தள்ளுபடி செய்யச் சட்டம் கட்டளையிடுகிறது. அந்தக் கடிதத்தின் படியைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஏனெனில் உங்கள் மகனுக்காக வாதிட நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அது நீதிபதியின் விருப்பம். ஆனால் மனு தள்ளுபடியானது என்ற மகிழ்ச்சியில், மறுநாள் காலை அதே வாசலில் அவனை இறக்கிவிட்டு அலுவலகம் போய்விடாதீர்கள்.

பட்டியலை அவன் முன் வைத்து, அந்தப் 11 கட்டங்களையும் சுட்டிக்காட்டி, மூன்றாம் பாடவேளையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். காரில் கேளுங்கள், முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியிராத இடத்தில் சொல்வது எளிது. உடனே பதில் வராது. வராதபோது கோபப்படாமல், மறுநாள் திரும்பவும் கேளுங்கள். அவன் சொல்வது உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம், அதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். பிறகு பள்ளி ஆலோசகரை அவனுடன் சென்று சந்தித்து, அந்த வகுப்பை வேறு ஆசிரியரிடமோ வேறு வேளைக்கோ மாற்ற முடியுமா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். விசாரணை நாளில் நீதிபதி முன் அவன் பக்கத்தில் நின்று, காரணத்தை அவனால் சொல்ல முடியாவிட்டால், அவன் அனுமதியோடு நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.