இலையுதிர் காலக் கடைசியில் இலை விழும் காட்சியையும் ஓசையையும் ரசிக்க எப்போது, எப்படிப் போக வேண்டும்?

நிறம் உச்சத்தில் இருக்கும் வாரம் போனால் இலை விழவில்லை, இரண்டு வாரம் தள்ளிப் போனால் தரை நனைந்து சத்தமே இல்லை, சரியான நாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்தையும் வானிலையையும் பார்த்து நாள் குறித்தால் பெரும்பாலும் தவறாது.

காற்றுதான் இலையைப் பிய்த்துப் போடுகிறது என்று தோன்றும். உண்மையில் மரமே அதைக் கழற்றிவிடுகிறது. பகல் சுருங்கச் சுருங்க இலையைப் பிடித்துவைக்க உதவும் ஆக்சின் என்ற ஹார்மோன் இலையிலிருந்து காம்புக்கு வருவது குறைந்து, உதிரத் தூண்டும் எத்திலீன் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் உள்ள மெல்லிய அடுக்கில், செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையத் தொடங்குகிறது. கடைசியில் சில நாளங்கள் மட்டும் நூலிழைபோல் இலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலைக்கு வந்த இலை விழ ஊதினாலே போதும். விழுந்தபின் கிளையில் தழும்பு மிஞ்சும். ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தில் அது ஆணி அடித்த குதிரை லாடம் மாதிரியே இருக்கும், கிட்டப் போய்ப் பாருங்கள்.

ஆகவே காத்திருக்க வேண்டியது வானம் தெளிந்து, வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே நன்றாக இறங்கும் இரவுக்காக. அந்த அடுக்கில் இருக்கும் நீர் உறைந்து, விடியும்வரை பனிக்கட்டியே இலையைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டு அது உருகியதும், காற்று துளிகூட இல்லாமலேயே இலைகள் சொரியத் தொடங்கும். வெயில் முதலில் படும் கிழக்குப் பக்கக் கிளைகளைக் கவனியுங்கள். சூரியன் உதிக்கும் முன்பே இடத்துக்கு வந்து, அடுத்த இரண்டு மணி நேரம் அங்கேயே இருங்கள்.

இதை முழு வீச்சில் காட்டுவது ஜிங்கோ. மற்ற மரங்கள் வாரக்கணக்கில் உதிர்க்க, இது கடும் உறைபனிக்கு மறுநாள் சில மணி நேரத்திலேயே ஏறக்குறைய எல்லா இலைகளையும் கொட்டிவிடும். பக்கத்தில் ஜிங்கோ இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதன் அருகில் நில்லுங்கள். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனாலும் பொன்னிறமாகி உதிரும். ஊசிகள் சத்தமில்லாத தூறல்போல் தோளில் வந்து படியும். கட்சுரா மரத்தடியில் மூக்குக்கும் வேலை உண்டு: பழுத்த இலைகள் சர்க்கரைப் பாகு கருகும் வாசம் தரும். வால்நட், ஆஷ் போன்ற கூட்டிலை மரங்கள் (ஒரே காம்பில் பல சிற்றிலைகள் உள்ளவை) சிற்றிலைகளை முதலில் விட்டு, நடுக்காம்பைப் பிறகு தனியாகப் போடுவதும் உண்டு. அது விழும் சத்தம் குச்சி விழுவதைப் போலவே இருக்கும்.

மரத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கழுத்து வலிக்கும், வானத்தின் வெளிச்சத்தில் இலையெல்லாம் கறுப்பாகத் தெரியும். மரத்தின் உயரம் அளவுக்குத் தள்ளி, சூரியன் மரத்துக்குப் பின்னால் வரும்படி நில்லுங்கள். பின்புலத்தில் நிழலில் இருக்கும் பசுமைமாறா மரங்கள் அமைந்தால் ஒவ்வொரு இலையும் விளக்கேற்றியதுபோல் ஒளிரும். பிறகு உச்சியில் ஒரே ஒரு இலையைத் தேர்ந்து, தரை தொடும்வரை கண்ணை எடுக்காதீர்கள். வில்லோ மாதிரி நீளக் குறுகிய இலை தன் நீளவாட்டிலேயே உருண்டு உருண்டு இறங்கும். அகலத் தட்டை இலை ஊஞ்சல்போல் இப்படியும் அப்படியும் சறுக்கும். காய்ந்து சுருண்ட சருகு அதிகம் அலையாமல் இறங்கிவிடும்.

ஓசைதான் எனக்கு இதில் பெரிய விஷயம், பலர் தவறவிடுவதும் அதைத்தான். காற்றில்லாத காலையில் இலை சருகுப் படுக்கையைத் தொடும்போது 'டிக்' என்ற சின்னச் சத்தம் கேட்கும். அது மெல்லிய, உச்ச சுருதி ஓசை. சாலை இரைச்சலில் முழுகிவிடும், தூரத்தில் தேய்ந்துவிடும். இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்து, கண்ணை மூடி, பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் எந்தச் சத்தம் இலை விழுவது, எது பறவை சருகைக் கிளறுவது, எது அணில் தாவித் தாவிப் போவது என்று காது பிரித்துவிடும். ஆஸ்பென் மரத்தில் இலை மிச்சமிருந்தால், தட்டையான காம்பு காரணமாக லேசான காற்றுக்கே படபடக்கும்.

மொறுமொறுவென்று சருகில் நடக்க ஆசையென்றால் அதற்கு வேறு நேரம். காலையில் பனி உருகிய ஈரத்தில் சருகு தோல்போல் துவண்டிருக்கும், மிதித்தாலும் பேசாது. இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் இருந்து, பிற்பகல் 1 மணியிலிருந்து 4 மணிக்குள் போனால்தான் நொறுங்கும். ஓக் சருகு விறைப்பானது, மட்கவும் நாளாகும். மேப்பிள் சருகு ஒரு மழைக்கே படிந்து ஒட்டிக்கொள்ளும். கெட்டியான தரையில் ஒற்றை இரட்டை அடுக்காகக் கிடக்கும் சருகு நன்றாக ஒலிக்கும், பாசி மேல் கிடப்பது ஒலிக்காது. மெத்தென்ற ஓட்டக் காலணியைவிடக் கெட்டி அடிப்பாகமுள்ள பூட்ஸ் நல்லது.

செல்போனில் பதிவு செய்வதானால் மைக்கின் மேல் பஞ்சு உறை போட்டு, சருகுக்கு ஒரு முழ தூரத்தில் கல்மேல் வையுங்கள். கையில் பிடித்தால் விரல் உரசல்தான் பதிவாகும்.

உண்ணிகள் குளிரில் செத்துவிடும் என்று நம்பிச் சருகில் படுத்துவிட வேண்டாம்; தரை உறையாத நாட்களில் அவை நடமாடும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். பலத்த காற்று நாளில் காய்ந்த கிளை உள்ள மரத்தடியில் நிற்காதீர்கள். ஈர இலை மூடிய சரிவும் கல்படியும் சறுக்கும்.

புயல் ஒன்று வந்து எல்லாவற்றையும் ஒரே இரவில் உதிர்த்துவிட்டாலும் இளம் பீச், ஓக் மரங்களைத் தேடிப் பாருங்கள். அவற்றின் கீழ்க்கிளைகள் காய்ந்த இலையை வசந்தத்தில் மொட்டு தள்ளும்வரை விடாமல் பிடித்திருக்கும். உலர்ந்த காற்றுள்ள குளிர்கால நாளில் அங்கே போனால் அந்தச் சரசரப்பு இன்னும் கேட்கும்.