தீவில் வேலை, தீவில் செலவு: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

அந்தமானில் ஆறு ஆண்டுகள், மாலத்தீவில் ஒன்பது ஆண்டுகள் ஹோட்டல் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அரிசி மூட்டை முதல் உப்புப் பாக்கெட் வரை என் கையெழுத்து இல்லாமல் சமையலறைக்குள் போகாது. இப்போது காட்பாடியில் இருக்கிறேன். தீவு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் கணக்கர் வேலை. சம்பளம் இங்கே வாங்குவதைப் போல் மூன்று மடங்கு. மனைவி, குழந்தையையும் அழைத்துப் போகலாமா?

தம்பி, தங்குமிடத்தை யார் தருகிறார்கள்? கம்பெனி தராது என்றால் குடும்பத்தோடு போகாதீர்கள். மாலே சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் நிலம். நாட்டு மக்களில் கணிசமான பங்கு அதற்குள் நெருக்கியடித்து வாழ்கிறது. 2018இல் பாலம் திறந்த பிறகு பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேக்குப் பஸ்ஸில் போகலாம். அங்கே வீடு கொஞ்சம் விசாலம், ஆனால் வாடகை கையைக் கடிக்கும். மூன்று மடங்குச் சம்பளத்தில் இரண்டு மடங்கு வீட்டுக்காரருக்கே போய்விட்டால் மிஞ்சுவது என்ன?

இன்னொன்று. ஒப்பந்தத்தில் சம்பளம் டாலரிலா, மாலத்தீவுப் பணமான ருஃபியாவிலா என்று பாருங்கள். அரசு விலையில் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. அந்த விலைக்கு டாலர் எளிதில் கிடைக்காது; வெளியில் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். ருஃபியாவில் சம்பளம் வாங்குகிறவர் ஊருக்குப் பணம் அனுப்பும்போது அடிபடுவது இங்கேதான்.

ஆம்பூரிலிருந்து: சாப்பாட்டுச் செலவு எவ்வளவு கூடும்?

எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாலத்தீவில் விளைவது தேங்காயும் கொஞ்சம் கீரை, காய், பழங்களும்தான். மற்றதெல்லாம் வெளியிலிருந்து வருகிறது. நான் பிரித்த முட்டைப் பெட்டிகள் பெரும்பாலும் நாமக்கல்லிலிருந்து வந்தவை. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவுக்கு அனுப்ப 1981 முதலே இந்தியாவோடு ஒப்பந்தம் இருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும் உங்களை ஏழையாக்காது. சூரை மீன் உள்ளூர்ச் சரக்கு. நாம் மாசி என்று வாங்குவதும் அந்த மீனைக் காயவைத்ததுதான்.

பணத்தைத் தின்பது பச்சைக் காய்கறி. நேதாஜி மார்க்கெட்டில் பை நிறைய வாங்கி வருகிற பழக்கம் அங்கே உதவாது. தக்காளியை எண்ணித்தான் எடுப்பீர்கள். ஒருமுறை விடுமுறை முடிந்து திரும்பும்போது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கிலோ கொண்டுபோனேன். எங்கள் அறையில் எட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு காய் என்று பங்கிட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். காம்பைக்கூட யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அணைக்கட்டிலிருந்து: அந்தமான் நம் நாடுதானே, செலவு நம் ஊர் போலத்தானே இருக்கும்?

பணம் நம் பணம், நம் பேச்சும் காதில் விழும். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள். கடல் கொந்தளித்தால் அதுவும் தள்ளிப்போகும். அப்படித் தாமதமாக வந்த வெங்காய மூட்டையை அவிழ்த்தபோது மேலே விரல் நீளத்துக்கு முளை, கீழே கையை விட்டால் கூழ். பாதி மூட்டையைக் கொட்டினோம். கொட்டிய பாதியின் விலையும் மிஞ்சிய பாதியின் மேல்தான் ஏறும். தீவில் விலைவாசி என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அன்றுதான்.

வட அந்தமானில் டிக்லிபூர்ப் பக்கம் நெல்லும் காயும் விளைகின்றன. மழை முடிந்த மாதங்களில் அந்தச் சரக்கு வரும்போது சந்தை விலை இறங்கும். கோடையில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வீடு பார்க்கும்போது தொட்டி எவ்வளவு பெரிது என்று முதலில் பாருங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: லட்சத்தீவு?

36 தீவுகளில் 10இல் மட்டும் மக்கள் வசிக்கிறார்கள். நுழையவே அனுமதிச் சீட்டு வேண்டும். அரசு வேலையோ குறிப்பிட்ட ஒப்பந்த வேலையோ கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வாலாஜாவிலிருந்து: மொரீஷியஸ், சேஷல்ஸ் இரண்டில் எது சிக்கனம்?

மொரீஷியஸ், சந்தேகமில்லை. அங்கே காய்கறி உள்ளூரிலேயே விளைகிறது, அந்நாட்டு மக்களுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், மாணவர்களுக்கும் முதியோருக்கும் 2005 முதல் பஸ் கட்டணம் கிடையாது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தே இருக்கிறது. புயல் அடித்த வாரங்களில் மட்டும் காய் விலை எகிறும். சேஷல்ஸில் கம்பெனியே சோறும் அறையும் தந்தால் போகலாம்.

சத்துவாச்சாரியிலிருந்து: ஐயா, என் மகள் நர்ஸ். மாலத்தீவில் தலைநகரிலும் வேலை கிடைக்கிறது, தொலைவில் ஒரு சிறு தீவிலும் கிடைக்கிறது. எதில் மிச்சம் பிடிக்கலாம்?

அம்மா, சிறு தீவில்தான். ஊழியர் குடியிருப்பு கிடைத்தால் வாடகை மிச்சம், செலவழிக்கக் கடைகளும் குறைவு. ஆனால் காய்கறி தோணியில்தான் வரும். தோணி வராத வாரம் மீனும் பருப்பும்தான். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் பெரிய மருத்துவமனைக்குப் படகுப் பயணம். முதல் முறை வெளிநாடு போகிற பெண் என்றால், உடன் நம் ஊர் நர்ஸ்கள் யாராவது அந்தத் தீவில் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தனிமை தாங்காமல் ஆறு மாதத்தில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏஜென்டுக்குக் கொடுத்த பணம்கூடத் தேறவில்லை.

தண்ணீர், மின்சாரம் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். மாலேயில் குடிப்பதும் குளிப்பதும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். 2014 டிசம்பரில் அந்த ஆலை தீப்பிடித்தபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது. வேலூர் வெயிலுக்குப் பழகிய பிள்ளை ஏசி இல்லாமல் சமாளித்துவிடுவாள். பெட்டியில் புளி, மிளகாய்த்தூள், சின்ன குக்கர் வைத்து அனுப்புங்கள்.