ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உடுமலைப்பேட்டைக்காரர்கள். கணவருக்குக் கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்ததால் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தோம். ஐந்து மாதம் ஆகிறது. இங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியும், அதனால் சிரமம் இருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன். அக்கம்பக்கத்தில் பார்த்தால் சிரிக்கிறார்கள், “சாப்பிட்டாச்சா” என்று கேட்கிறார்கள், அதோடு சரி. எங்கள் ஊரில் புழக்கடை வழியாக நாலு பேர் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கே கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர்கூட வந்ததில்லை. வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்து ஊருக்கு ஓடிவிடுகிறோம், திங்கள் காலையில்தான் திரும்புகிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் தோழிகள் இல்லை. இவர்கள் எங்களை ஒதுக்குகிறார்களா, அல்லது நான்தான் ஒதுங்கி இருக்கிறேனா?

ர., கொழிஞ்சாம்பாறை

*

அன்புள்ள ர.,

வெள்ளிக்கிழமை பற்றிய அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் தாராபுரத்திலிருந்து வண்ணாமடைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் ஒன்றரை வருஷம் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

தூரதேசம் போனவர்களுக்கு நினைத்தபோது திரும்ப முடியாது. வேறு வழியில்லாமல் அங்கேயே மனிதர்களைத் தேடிக்கொள்வார்கள். எல்லையோரத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி வந்துவிடுகிறது. காய்கறி அங்கே, டாக்டர் அங்கே, துணி அங்கே. அரிசிகூட ஊரிலிருந்து மூட்டையாக வந்து இறங்கிவிடும். இங்கே படுத்து எழுந்திருக்க ஒரு வீடு, அவ்வளவுதான். இது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இருக்குமா?

எனக்கு அது உறைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஊரிலிருந்து வந்து இறங்கினால் எதிர்வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீலத் தார்ப்பாயை இரண்டு பேர் மடித்தார்கள், ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுப் பெரியவர் இறந்துபோயிருந்தார். தினமும் காலையில் எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று “எந்தா மோளே” என்று கேட்டுவிட்டுப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டார்கள். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. என் நம்பர் அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. நாற்காலி அடுக்கிய பையன், “நீங்க ஊருக்குப் போயிருப்பீங்கன்னு தெரியும் சேச்சி” என்றான். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது முதலில் ஒன்றே ஒன்றுதான். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இங்கே இருங்கள். கேட்டைத் திறந்து வையுங்கள். இங்கே வாரம் முழுக்க ஆளுக்கு ஒரு வேலையாக ஓடிக்கொண்டிருப்பார்கள். கல்யாணம், வீடு பால்காய்ச்சுதல், உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்த்துவருதல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு நீங்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டால் உங்களை எதற்குக் கூப்பிடுவார்கள்?

அயல்கூட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998-ல் மலப்புறத்தில் தொடங்கிவைக்கப்பட்ட, கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயின் அடித்தளமே அதுதான். அடுத்தடுத்த வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒரு பெண்ணாகப் பத்திலிருந்து இருபது பேர் வரை சேர்வார்கள். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சேமிப்புப் பணம் கட்டுவார்கள், நோட்டில் எழுதுவார்கள், யாருக்குக் கடன் தேவை என்று பேசுவார்கள். எங்கள் தெருவில் அது ஞாயிறு மூன்று மணிக்கு. எந்த வீட்டில் ஆபரேஷன், எந்த வீட்டுப் பிள்ளை கல்ஃபிலிருந்து வருகிறான், யார் கிணறு வற்றிவிட்டது என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரியவந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம், “உங்க அயல்கூட்டம் என்னைக்கு? நானும் வந்து உட்காரலாமா?” என்று கேளுங்கள். சேர்வதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அயல் என்றால் இன்று நமக்கு அயல்நாடுதான் ஞாபகம் வரும், அயலார் என்றால் வெளியாள். மலையாளத்தில் அயல்காரி என்றால் பக்கத்து வீட்டுக்காரி. பழந்தமிழிலும் அயலுக்குப் பக்கம் என்ற பொருள் உண்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் அயலவர் என்கிறார்கள். நாம் கைவிட்டதை இவர்கள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

ஒதுக்குகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சித்தூர் தாலுகா முன்பு கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பக்கத்திலேயே சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1-ல்தான் எல்லாம் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. தமிழ் இங்கே யாரும் புதிதாகக் கொண்டுவந்த மொழி இல்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. உங்களிடம் தமிழில் பேசுகிறார்களே, அதில் பாதி அவர்கள் வீட்டுப் பேச்சு, மீதி உங்களுக்குக் காட்டும் மரியாதை. ஆனால் விருந்தாளியிடம்தான் எப்போதும் மரியாதையாகப் பேசுவோம், இல்லையா? நீங்கள் தப்பும் தவறுமாக மலையாளம் பேச ஆரம்பியுங்கள். திருத்துவார்கள். திருத்த ஆரம்பித்துவிட்டால் பேச்சு நீளும்.

பாலை பாக்கெட்டில் வாங்குகிறீர்கள் என்றால் அதை நிறுத்திவிட்டு, காலையில் பக்கத்துப் பால் சொசைட்டிக்குத் தூக்குவாளியோடு போங்கள். மாடு வைத்திருப்பவர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். கோடையில் அங்கே ஒரே பேச்சுதான்: ஆழியாற்றுத் தண்ணீர். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. இந்தச் சித்தூர்ப் புழை, அதாவது சித்தூர் ஆற்றுப் பாசனத்துக்கு வரவேண்டும். உங்கள் உடுமலைப் பக்கத்து வாய்க்காலில் ஓடுவதும் அதே திட்டத்துத் தண்ணீர்தான். தமிழ்நாடு தரவில்லை என்று யாராவது உங்கள் எதிரில் கோபமாகப் பேசுவார்கள். பதில் சொல்லப் போகாதீர்கள். எவ்வளவு தென்னை காய்ந்தது, நெல்லுக்கு எத்தனை தண்ணீர் குறைந்தது என்று கேளுங்கள். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்றால் உங்களுக்கே தெரியும், அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை.

இன்னொன்று. மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் சாக்கு விரித்துப் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பழத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு, ஓடு நொறுங்கும். நாரை உருவிவிட்டு, சின்ன இரும்புக் கம்பியால் இன்னொரு தட்டு, கொட்டை தெறித்து விழும். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும், நகக்கண் எரியும். பந்தல் பிரித்ததைப் பார்த்த அந்த வருஷம் நான் போய்க் கேட்காமலேயே உட்கார்ந்து ஒரு கம்பியை எடுத்துக்கொண்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டு அம்மா என் பக்கத்தில் இன்னொரு கூடையைத் தள்ளி வைத்தார். இரண்டு கூடை முடிவதற்குள் அவர் மருமகளுக்கு மூட்டு வலி என்பதும் என் மாமியாருக்கு என்ன நோய் என்பதும் பரஸ்பரம் தெரிந்துவிட்டது. போகும்போது ஒரு உருண்டைப் புளியில் உப்புப் போட்டுக் கொடுத்தார். பலகாரம் செய்து தட்டில் எடுத்துப்போய் நின்றிருந்தால், அந்தத் தட்டு வேறு பலகாரத்தோடு திரும்பி வந்திருக்கும், அதோடு கணக்கு முடிந்திருக்கும்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சனிக்கிழமை இங்கே இருந்தாலே தெருவில் அவளுக்கு ஆள் கிடைத்துவிடும்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை இங்கே மாற்றிவிட்டீர்களா? மாற்றினால் உங்கள் வார்டின் கிராமசபைக்குப் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். வார்டு அளவில் நடப்பதால் வருகிறவர்கள் எல்லாம் உங்கள் தெரு, அடுத்த தெரு ஆட்கள்தான்.

ஊருக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மா அப்பா இருக்கிறார்கள், போகத்தான் வேண்டும். போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, சாவியையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து வந்த படையைப் பகவதி தோற்கடித்த கதையை ஊரே நடித்துக் காட்டும் திருவிழா. கொங்கு நாட்டுக்காரியான என்னைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துப்போய் நிறுத்தியது அந்தப் புளி வீட்டு அம்மாதான். நான் இந்த வருஷமும் அவரோடு போகிறேன். மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள், அங்கே பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா