சோர்ந்து படுத்திருக்கும் நாய்க்கு டானிக் தேவையா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் ஆறு வயது லேப்ரடார் பெண் நாயும், கருத்தடை செய்த மூன்று வயது ஆண் பூனையும் உள்ளன. நாயின் எடை 38 கிலோ. இரண்டு மாதங்களாக எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள். நடக்க அழைத்துச் சென்றால் தெருமுனையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். பூனையும் நாள் முழுவதும் தூங்குகிறது. இருவருக்கும் தயிர் சாதம், பால், பிஸ்கட் கொடுக்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, ஒன்பது மணிக்கு நாயை நடக்க அழைத்துச் செல்கிறோம். மாதம் ஒருமுறை ஏற்காட்டில் உறவினர் தோட்டத்துக்கும் கூட்டிப் போவோம். இருவரும் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்க ஒரு நல்ல டானிக் சொல்லுங்கள்.

பதில்: இப்போது எந்த டானிக்கும் வாங்க வேண்டாம். ஆறு வயது லேப்ரடார் தெருமுனையில் உட்கார்ந்துவிடுவது அதன் குணமன்று, வயதின் இயல்பும் அன்று. உடலில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதற்கான அறிகுறி. அது எதுவென்று தெரியாமல் டானிக் கொடுத்தால், நோய் வளர்வதற்கு நாமே காலம் கொடுத்ததாகிவிடும்.

ஏற்காட்டுத் தோட்டத்துக்குப் போய்வருவதாக எழுதியிருப்பதால், என் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்மீதுதான். உண்ணிகள் கடிக்கும்போது எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. தொடக்கத்தில் காய்ச்சலும் சோர்வும் மட்டும் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஈறு வெளுத்து, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மூக்கில் இரத்தம் கசியும் நிலை வரை போகும். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். அதே இரத்தத்தில் தைராய்டு அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தர வயது நாய்களில் தைராய்டு குறையும்போது, அதிகம் உண்ணாமலேயே எடை கூடும், வால் முடி உதிரும், எப்போதும் கதகதப்பான மூலையையே தேடும். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அடிக்கடி வருவதால், படுக்கையிலிருந்து எழும்போது பின்கால்கள் தடுமாறுகின்றனவா என்று கவனியுங்கள்.

நாய்க்குக் கருத்தடை செய்திருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால், அவள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாளா, பிறப்புறுப்பில் கசிவு உண்டா என்று இன்றே பாருங்கள். பருவம் கழிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உயிரையே பறிக்கும் நோய். கசிவே வெளியே தெரியாமலும் அது வரலாம் என்பதால், தண்ணீர் தாகம் மட்டும் கூடியிருந்தாலும் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது எடை. இந்த இனத்துப் பெண் நாய்க்கு 38 கிலோ மிக அதிகம். ஏறத்தாழ முப்பது கிலோவுக்குள் இருக்க வேண்டும். விலாவில் கைவைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் விரல்களுக்குத் தட்டுப்பட வேண்டும், அதுவே சரியான அளவு. 'கண்ணைப் பார்த்தால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை' என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. அந்தக் கெஞ்சலுக்குப் பின்னால் உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. லேப்ரடார்கள் பலவற்றில், வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும் ஒரு மரபணுவில் குறை இருப்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இக்குறை உண்டு. ஆகவே அவள் கேட்பதெல்லாம் பசியன்று. லேப்ரடார்களை வைத்து வாழ்நாள் முழுவதும் நடத்திய மற்றோர் ஆய்வில், உணவைக் கால் பங்கு குறைத்துக் கொடுத்த நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. பிஸ்கட்டை இன்றே நிறுத்துங்கள். சோற்றின் அளவைக் குறைத்து, வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, முட்டை, பூசணி, பீன்ஸ் ஆகியவற்றைக் கூட்டுங்கள். ஆனால் வீட்டுச் சமையலில் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், எதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் எடை குறையக் கூடாது.

காலை ஒன்பது மணி நடை, பங்குனி சித்திரையில் நம் ஊருக்குச் சற்றும் பொருந்தாது. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காது; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பருத்த உடலுக்கு அதுவும் கடினம். ஆறு மணிக்குள் மூக்கனேரிப் பக்கம் போய் வந்துவிடுங்கள். மாலையில் புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அவள் பாதமும் தாங்காது. தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். வழியில் அவள் எதையாவது மோந்துகொண்டு நின்றால் கயிற்றை இழுக்காதீர்கள், மோப்பம் பிடிப்பதுதான் அவள் மூளைக்கு வேலை. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். ஈரத் துணியால் போர்த்தி வைக்க வேண்டாம், அது சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும்.

ஏற்காட்டுக்குப் போவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குளிர்ச்சியில் அவளால் நன்றாக நடக்க முடியும். ஆனால் உண்ணி மருந்து போடாமல் மலை ஏறாதீர்கள். இறங்கி வந்த அன்றே காது மடல், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். காப்பிப் பழங்களைத் தின்ன விடாதீர்கள். அதிலுள்ள காஃபீன் நாய்க்கு நஞ்சு. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைமேல் ஒரு துளிகூடப் போடக் கூடாது. அவற்றில் பலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

பூனை பகலில் நெடுநேரம் தூங்குவது இயல்புதான். என்னைக் கவலைப்படுத்துவது அதன் உணவு. பூனை இறைச்சி தின்றே வாழப் பிறந்த உயிர். அதற்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து, தயிர் சாதத்தில் கிடைக்காது. நெடுநாள் கிடைக்காவிட்டால் பார்வை மங்கும், இதயம் வீங்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. பூனைக்கென்றே தயாரிக்கும் உணவுக்கு, பத்து நாட்களில் மெல்ல மெல்ல மாற்றுங்கள். பிடிக்கவில்லை என்று அது பட்டினி கிடந்தால், இரண்டு நாட்களுக்கு மேல் விடாதீர்கள், ஈரல் கெட்டுவிடும். காலையும் மாலையும் பத்து நிமிடம் கயிற்றில் இறகைக் கட்டி இழுத்து அதை வேட்டையாட விட்டு, முடிந்ததும் உணவு கொடுங்கள். பிறகு கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலை அறுக்கும். ஜன்னலருகே ஓர் உயரமான பலகையும், தேங்காய்நார்க் கயிறு சுற்றிய ஒரு கட்டையும் இருந்தால் அதன் பொழுது இனிதாகப் போகும். ஆண் பூனை சிறுநீருக்காகத் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, எதுவும் வராமல் கத்தினால், அது நள்ளிரவாக இருந்தாலும் புறப்பட்டுவிட வேண்டும்.

சோர்வாக இருக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலை இருவருக்குமே கொடுத்துவிடாதீர்கள். அன்பு மிகுந்த ஒரு குடும்பம் பாதி மாத்திரை கொடுத்துவிட்டுப் பூனையை என்னிடம் தூக்கி வந்தது. என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வாரத்துக்குள் நாயை அழைத்துச் செல்லுங்கள். அவள் எழுந்து நடப்பதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுதும் வீட்டில் யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்பதை, பிள்ளைகள் மேசைக்கடியில் நீட்டியது உட்பட, எழுதி எடுத்துச் செல்லுங்கள். தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஓராண்டு கடந்திருந்தால், உடல் தேறியதும் இருவருக்கும் போட்டுவிடலாம்.